குதிகால் இல்லாத பாதங்கள்

அனுப்புநர்:
குழந்தைப் பராமரிப்பாளர் (பதிவேட்டில்), ஆயாம்மா (எல்லோர் வாயிலும்),
நடக்கத் தொடங்கிய குழந்தைகளின் அறை,
பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்.

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் காப்பகக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: பதினொரு குழந்தைகளுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்ததாக என்மீது சாட்டப்பட்ட குற்றத்தை விலக்கவும், அறைக்குள் அணிய மெத்தென்ற செருப்பும் பெரியவர் உட்காரும் அளவில் ஒரு நாற்காலியும் அனுமதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. காப்பக மேலாளர் அம்மையார் எனக்கு அளித்த குறிப்பாணை.
2. பார்வையாளர் புத்தகத்தில் தாங்கள் கைப்பட எழுதிய பாராட்டு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் தாங்கள் ஆய்வுக்கு வந்து எங்கள் அறையில் ஏழு நிமிடம் செலவிட்டதை நன்றியுடன் நினைவுகூர்கிறேன். இடுப்பில் ஒரு குழந்தையும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்றுமாகக் கதவோரம் நின்றவள் நான்தான். தாங்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1. ஒன்பது ஆண்டுகளாக இந்த அறையில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி இறங்குவதுபோல் இருக்கும். மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா. வெறுங்காலோட தரையில நடக்கவே நடக்காதீங்க" என்று சொல்லிச் சீட்டும் எழுதிக்கொடுத்தார். திசைக்கொருவராக ஓடும் பதினொரு பேரிடம் இதை யார் எடுத்துச்சொல்வது என்று சீட்டில் இல்லை.

2. அறைக்குள் செருப்பு கூடாது என்பது விதி. சுத்தத்துக்காக வைத்த விதி, ஏற்கிறேன். அதனால் தெருவையே பார்த்திராத புதுச் செருப்பு ஒன்றைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தேன். மேலாளர் அம்மையார், "செருப்புன்னா செருப்புதான். உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். அந்த அறையில் என்னைத் தவிர்த்த எல்லோரும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். இருக்கிற செருப்பையே கழற்றி வீசுகிறவர்கள்.

ஆய்வன்று தங்களுடைய கருப்பு ஷூ எங்கள் விரிப்பின்மேல் ஏறியபோது அந்த விதி சற்றுக் கண்ணயர்ந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதன் அடிப்பாகம் மெத்தென்று இருக்குமா என்று அறியும் ஆவலில்தான் குறிப்பிடுகிறேன்.

3. எங்கள் அறையில் முன்பு ஒரு பெரிய நாற்காலி இருந்தது. கேமரா பொருத்தி, பெற்றோர் கைப்பேசியில் பார்க்கும் ஏற்பாடு வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். "நீங்க உக்காந்திருந்தா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்பது அம்மையாரின் கேள்வி. உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பார்கள் என்றேன். அந்தப் பதில் ஏற்கப்படவில்லை. நாற்காலி அலுவலக அறைக்குப் போய்விட்டது. தாங்கள் தேநீர் அருந்தியது அதில்தான். இடது கை வைக்கும் இடத்தில் ஒரு பல்தடம் இருந்திருக்கும், அது எங்கள் அறையின் கைவண்ணம்.

உட்கார வழியில்லை, செருப்புக்கும் வழியில்லை. ஆகவே குதிகாலைத் தரையில் வைக்காமல் முன்பாதத்தால் விந்தி விந்தி நடக்கப் பழகிக்கொண்டேன்.

4. தங்கள் வருகைக்காகச் சுவரை அலங்கரிக்கச் சொன்னார்கள். பாதத்தை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதிக்கும் வேலை. எங்கள் அறையில் எதையும் முதலில் நான் செய்வேன், பிறகு அவர்கள் செய்வார்கள். நான் கை கழுவினால் கழுவுவார்கள். போர்வையை மடித்தால், மடிப்பதாக நினைத்துக் கசக்குவார்கள். அன்றும் நான்தான் முதலில் கால் வைத்தேன். ஐந்து விரலும் முன்பாதமும் பதிந்தன, குதிகால் பதியவில்லை. பதினொரு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு என் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் குதிகாலைத் தூக்கி, பயபக்தியோடு பதித்தார்கள்.

அம்மையார் வந்து, "குதிகால் எங்க? பெயிண்ட் பத்தலையா?" என்று கேட்டு இன்னொரு புட்டி வரவழைத்தார். அந்தப் புட்டியாலும் குதிகால் வரவில்லை. நேரமாகிவிட்டதால் அப்படியே ஒட்டினோம்.

5. அந்தச் சுவரின் முன் நின்று தாங்கள் மகிழ்ந்தீர்கள். "துள்ளும் பாதங்கள்! இங்கு நிலவும் மகிழ்ச்சிக்கு இதுவே சான்று" என்று எழுதினீர்கள். அந்த வரிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

6. இரண்டு வாரம் கழித்து ஒரு தாய், தன் மகள் வீட்டில் விந்தி நடப்பதைக் கண்டு பதறி எலும்பு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "வீட்டுல யாராவது இப்படி நடக்கிறாங்களா?" என்று மருத்துவர் கேட்க, குழந்தையே "ஆயாம்மா" என்று சாட்சி சொல்லிவிட்டது. அந்தத் தாயின்மேல் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். பிறகு மற்றப் பெற்றோரும் தத்தம் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் குறிப்பாணை வந்தது: "குழந்தைகளுக்குத் தவறான நடை கற்பித்தமை." மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லையேல் வேலை இல்லை.

கரண்டி பிடிக்க, மூக்குச் சிந்த, அடுத்தவரைக் கடிக்காமலிருக்க ஒன்பது வருடமாகக் கற்பித்திருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு துண்டுச்சீட்டும் வந்ததில்லை. நான் கற்பிப்பவள் என்று நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இதுவே முதல் முறை.

7. இரண்டாவது குற்றம், நாற்காலியை உடைத்தமை. இதை ஒப்புக்கொள்கிறேன். எலும்பு மருத்துவரிடம் போய்வந்த அதே சிறுமி, மறுநாள் தன் சிவப்பு நாற்காலியைத் தரையில் உரசி இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டு, அதைத் தட்டிக்காட்டி, "உக்காரு ஆயாம்மா" என்றாள். ஒன்பது ஆண்டில் இந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் சொல்லாத சொல். மறுக்க மனம் வராமல் உட்கார்ந்தேன். அது இரண்டரை வயதுக்கான நாற்காலி, எனக்கு ஐம்பத்திரண்டு. அதன் கால் முறிந்து, நான் விழுந்தேன். நான் விழுந்ததைப் பார்த்துப் பதினொரு பேரும் உடனே விழுந்தார்கள். கீழே கிடந்தபடி அழுதேன். கேமராவில் சிரிப்பதுபோல் தெரிந்திருக்கலாம்.

ஐயா, எனக்கு இந்த வேலை வேண்டும். யாருக்குக் காது மடலைத் தடவினால் தூக்கம் வரும், யார் பசித்தால் சுவரோடு பேசுவாள் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. என்னை அனுப்பிவிட்டு வேறொருவரை வைத்தாலும் அவரும் அதே தரையில் வெறுங்காலோடுதான் நிற்பார். அவர் நடப்பதைத்தான் பிள்ளைகள் நடப்பார்கள்.

எனவே, குறிப்பாணையை விலக்கிக்கொள்ளவும், தெரு காணாத அந்தச் செருப்பை அனுமதிக்கவும், தாங்கள் வராத நாட்களிலாவது அந்தப் பெரிய நாற்காலியை எங்கள் அறைக்குத் தந்துவைக்கவும் ஆணையிடும்படி வேண்டுகிறேன். நான் குதிகால் ஊன்றினால் அவர்களும் ஒரே வாரத்தில் ஊன்றிவிடுவார்கள். அதற்கு நான் பொறுப்பு.

நாள்: குறிப்பாணை கிடைத்த இரண்டாம் நாள்.
இடம்: துணி மாற்றும் மேசை (நின்றபடி எழுதியது).

தங்கள் பதிலுக்குக் காத்து நிற்கும்,
(ஒப்பம்)
ஆயாம்மா

இணைப்பு:
1. மருத்துவர் சீட்டு.
2. சிவப்பு நாற்காலியின் முறிந்த கால்.
3. சுவரிலிருந்து எடுத்த தாள் ஒன்று. பெரிய பாதம் என்னுடையது, பக்கத்தில் இருப்பது அந்தச் சிறுமியுடையது. தாங்கள் ஏற்கெனவே பார்த்துப் பாராட்டியதுதான். இம்முறை, தாள் வெறுமையாக இருக்கும் இடத்தையும் பார்க்கும்படி வேண்டுகிறேன்.