தூக்கத்தில் நீங்கள் பேசிய மொழி

என் செல்ல அத்தாவுக்கு,

ஸலாம். அங்கே உங்களுக்கு நல்ல தூக்கம் வருகிறதா? இங்கே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நன்னிலத்தைச் சுற்றி நடவு முடிந்து, வயலெல்லாம் வானம் தெரிகிறது. சனிக்கிழமை தஞ்சாவூர் ஹாஸ்டலிலிருந்து வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாதிக் கண்ணை மூடினால், பஸ் மேகத்தின் மேல் போவது போலிருக்கிறது.

ஒரு சேதி. காலேஜில் சாயங்கால வகுப்பாக ஒரு வெளிநாட்டு மொழி படிக்கலாமாம். மார்க் கிடையாது, பரீட்சை கிடையாது, சும்மா ஆசைக்குத்தான். கொரியன், பிரெஞ்சு, அரபி மூன்றும் இருக்கின்றன. என் அறைத் தோழி அபிராமி கொரியனில் சேர்ந்துவிட்டாள். கீழே ஓடும் எழுத்தைப் படிக்காமல் சீரியல் பார்க்க வேண்டுமாம். "நீயும் வாடி, சேர்ந்து அழலாம்" என்று ஒரே பிடுங்கல்.

எனக்கும் ஆசைதான், ஆனால் அரபியில் சேர. அரபியை நம் வீட்டில் யாரும் ஒரு படிப்பாகவே நினைப்பதில்லை. "அதான் சின்னப் புள்ளையிலேயே குர்ஆன் ஓதி முடிச்சிட்டியே, இன்னும் என்ன?" என்கிறார் மாமா. ஓதத்தான் தெரியும், ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். மாமாவும் விழிப்பார், ஆனால் அவரிடம் யார் சொல்வது?

துபாய் குடோனிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் தூக்கத்தில் அரபியில் பேசுவீர்களே, நினைவிருக்கிறதா? எப்படி இருக்கும்! விடிந்ததும் "யாரு, நானா?" என்று சிரிப்பீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடந்தபோதும் அதே பேச்சுதான். தமிழில் ஒரு வார்த்தை இல்லை. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஓதுகிற வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை, அத்தா.

நேற்று அம்மாவிடம் அரபி எடுக்கட்டுமா என்று கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"வேணாம்மா. உங்க அத்தா அங்க யாருகிட்டயாச்சும் கெஞ்சிக்கிட்டு இருந்திருப்பாரு. இப்ப தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? நீ அந்தக் கொரியனையே படி."

"கெஞ்சுனா, கேக்க ஒரு ஆளு வேணாமாம்மா?"

அம்மா மீனைக் கழுவி முடித்தாள். அப்புறம் சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல என்ன சொல்லிக் குடுக்குறாங்களோ, அதை எனக்கும் சொல்லு" என்றாள்.

இப்போதும் கனவில் வருகிறீர்கள். வெயிலில் அந்தக் குடோன் வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். முகம் தெளிவாகத் தெரிகிறது, சட்டைகூட நனைந்திருக்கிறது. பக்கத்திலேயே நிற்கிறேன். என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்துக்கொள்கிறேன். ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்?

திங்கட்கிழமை அரபிக்குப் பெயர் கொடுக்கிறேன். அபிராமி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இதனால் வேலை கிடைக்குமா என்று மாமா கேட்பார். கிடைக்க வேண்டாம். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் பிசகில்லாமல் பேச வந்தால் போதும். அடுத்த முறை கனவில் நீங்கள் ஆரம்பித்ததும், உங்கள் கையைப் பிடித்து அந்த மொழியிலேயே சொல்வேன்: வேலை முடிந்துவிட்டது அத்தா, வீட்டுக்கு வாங்க.

பதில் சொல்லப் படிக்கப் போகும்
உங்கள் ஒரே மகள்,
நூருன்னிசா