புதுப் பெட்டியில கரைஞ்ச ஓரம்

அம்மா, தண்ணி பட்டதுமே ஓரத்து எழுத்தெல்லாம் கரைஞ்சு ஓடிடுச்சு. நான் அவசரப்படவே இல்ல. நீ தொடாதேன்னு சொன்ன, ஸ்கிரீனுக்கு லைட் காட்டுற புது எல்.இ.டி. பெட்டியைத் தொட்டது மட்டும்தான் தப்பு. நாளைக்கு டீ-ஷர்ட் அடிக்க நீ வெளிச்சம் பட்டா இறுகுற எமல்ஷனைப் பூசிக் காய வெச்சிருந்த பெரிய ஸ்கிரீனை அதுல வெச்சேன். பெட்டியைக் கொண்டுவந்த வியாபாரி சொன்ன அதே நேரம்தான் லைட் காட்டினேன். நடுவுல கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. சுத்தி நாலு பக்கமும் கொழகொழன்னு வந்துடுச்சு. ஓரத்துக்கு வெளிச்சமே சரியாப் போகல.

நேத்து அந்த வியாபாரி உள்ளங்கை அளவு பூவை வெச்சுதானே காட்டினாரு? நம்ம டிசைன் எல்லாம் பெரிசாச்சேம்மா!

காலையில அவரு வந்தா, புதுசுக்கு மாத்தா நம்ம பழைய டியூப்லைட் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துடாத. முதல்ல கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்கிரீனைப் பாரு. அதுவரைக்கும் பெட்டி ரூம் பூட்டியே இருக்கட்டும். சாவி உன் கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கு. நாள் பூரா நின்னே வேலை பார்த்தியேன்னுதான் எழுப்பல. நீ எந்திரிக்கிறதுக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடுவேன், சாயங்காலம் வந்ததும் திட்டு.

பேப்பர்ல இடம் பத்தல, ஆனா இதைச் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது. நேத்து அந்தப் பூ ஸ்கிரீனை நான் ஓரமா வைக்கப் போனேன். சித்தப்பா சட்டுனு என் கையைத் தட்டிவிட்டு, "நடுவுல வைடி, பெரிய இன்ஜினியரு!"ன்னு சிரிச்சாரு. அந்த ஆளைக் கூட்டிட்டு வந்ததே அவருதானே.

சித்தப்பாவுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?