ஷோரூம் போட்டோவில் நான் சிரித்தது

பாறசாலை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் சிஜிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் உன்னையும் ஷிபினையும் குட்டி மீனுவையும் அந்த அயர்லாந்துக் குளிரில் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன், பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். மழை விட்டுவிட்டது, கிணற்றில் தண்ணீர் மேலே கிடக்கிறது. தெற்குப் பக்கத்துப் பலாவில் ஒரு கொம்பு ஒடிந்து கூரை ஷீட்டில் விழுந்தது, ஞானசிகாமணி சித்தப்பா ஆள் வைத்து மாற்றித் தந்தார். மீனுவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாக ஷிபினின் அம்மா சர்ச்சில் சொன்னார்கள். நீ எனக்குச் சொல்லவில்லை. குறையாக எழுதவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீ என்னோடு பேசி ஒரு மாதம் ஆகப்போகிறது. கடைசியாக நீ அனுப்பியது ஒரு வரி. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட நீ சிரிக்கவில்லை அம்மா, அப்பா போய் ரெண்டு மாசத்தில் புது பைக் வாங்கி, கேக் வெட்டி, பல் தெரியச் சிரிக்கிறாய் என்று எழுதியிருந்தாய். கீழே அந்த ஷோரூம்காரர்கள் பேஸ்புக்கில் போட்ட என் படமும் இருந்தது. நான் அதைப் படித்துவிட்டு சரி என்று பதில் அனுப்பினேன். அது எவ்வளவு தப்பான பதில் என்று இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நீ அதற்குப்பிறகு போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் போனில் மறுபடி சரி சரி என்றுதான் சொல்வேன், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், தபால் சேருகிறபோது சேரட்டும்.

அன்று காலையில் அப்பா சாயா குடித்தார், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், ஷூ போட உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்கப்புறம் நான் எப்படி இருந்தேன் என்பது. நீ ஓடி வந்தாய், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய், நான் உன் முதுகைத் தடவினேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. அதை நீ கவனித்தாய் என்பதையும் நான் கவனித்தேன். வெகுநேரம் சம்மணம் போட்டு இருந்து எழுந்தால் கால் மரத்திருக்குமே, ஊன்றினால் வலிக்காது, வைத்த இடத்தில் இருக்கும், ஆனால் நம் கால் என்று தோன்றாது, அப்படித்தான் மொத்த உடம்பும் இருந்தது. இரு என்றார்கள், இருந்தேன். சாப்பிடு என்றார்கள், சாப்பிட்டேன். பென்ஷன் பேப்பரில் இங்கே கையெழுத்து என்றார்கள், போட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று நீ சொன்னாய், அதற்கும் சரி என்றேன்.

இனி வண்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன். அப்பாவின் வண்டிகளை நீ முன்னாலிருந்து பார்த்தவள், சின்னதில் டேங்கின்மேல் உட்கார்ந்து போனாய். நான் பின்னாலிருந்து பார்த்தவள். கல்யாணம் ஆன புதிதில் இருந்தது கறுப்பு டூ ஸ்ட்ரோக் வண்டி. ஜங்ஷனில் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குக் கேட்கும், நான் சோற்றை வடிக்க ஆரம்பிப்பேன். அன்றைக்கு அவருக்கு வண்டி என்றால் வேகம், வேறு ஒன்றும் இல்லை. உன் மாமா பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பினால் இவர் முந்திப் போய் ஸ்டாண்டில் நின்றுகொண்டு என்ன மச்சான் லேட்டு என்று கேட்பார். பிறகு நீ நர்சிங் சேர்ந்த வருடம் அந்தச் சிவப்பு வண்டி, நிறம் நீ சொன்னதுதான். முன்பக்கம் குனிந்து, வால்பக்கம் தூக்கி, பின்சீட்டு மட்டும் தனியாக மேலே. நீ தாவி ஏறிக்கொள்வாய். நான் சேலையோடு ஒருதரம் ஏறி சர்ச்சிலிருந்து சந்தைவரை போனேன், மதில்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது, இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு பஸ், அவருக்கு வண்டி. ஒரே ஆராதனைக்கு இரண்டு பேரும் இரண்டு விதமாகப் போய்ச் சேர்ந்தோம். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நானும்தான்.

அப்போதெல்லாம் வட்ட ஹெட்லைட்டும் உருண்டை டேங்குமாகப் பழைய முகம் வைத்த புது வண்டிகளைக் கண்டாலே அப்பாவுக்குச் சிரிப்பு. ரிட்டயர்டு இன்ஸ்பெக்டருக்கு மீசையோடு சேர்த்துக் கொடுக்கிற வண்டி என்பார். ஐம்பது தாண்டியதும் மணிக்கட்டு வலி தொடங்கியது, முதுகுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு சிவப்பு வண்டியில் குனிந்து போனார். கரண்ட் ஆபீஸில் அவரை வித்துராவுக்கு மாற்றினார்களே, அங்கே ஒருநாள் போனக்காட்டு எஸ்டேட்டில் லைன் அறுந்து கிடக்கிறது என்று கூட வேலை பார்க்கிறவரின் வண்டியை வாங்கிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். அது இவர் கேலி செய்த அதே மாதிரி வண்டி. வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கறியில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டேன். “இல்ல பிள்ளே. அந்த ரோட்டுல எத்தன தடவ போயிருப்பேன், ரோட்ட மட்டுந்தான் பாத்திருக்கேன். இன்னைக்கு லயத்து வாசல்ல நின்னவங்க மொகமெல்லாம் தெரிஞ்சு, கேட்டியா” என்றார். அதற்கப்புறம் சந்தையிலோ கல்யாண வீட்டிலோ அந்த மாதிரி ஒன்று நின்றால் அதைச் சுற்றி ஒரு நடை நடக்காமல் வரமாட்டார். மீசை எப்போது வைக்கப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். “சிரிச்சுக்கோ டீச்சரே. சின்னதுல வண்டி எவ்வளவு வேகம் போவும்னு பாத்தேன். இப்போ அதுல எவ்வளவு நேரம் இருக்க முடியும்னு பாக்கேன்” என்றார்.

ஏப்ரல் விடுமுறையில் என்னைக் கரமனைப் பக்கத்து ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். லோன் என் சொசைட்டியில் போட்டதால் வண்டியும் என் பேரில் இருக்கட்டும் என்றார், கையெழுத்தெல்லாம் அன்றே போட்டேன். கரும்பச்சை நிறம், முன்னிருந்து பின்வரை ஒரே நீளச் சீட்டு. அவர் ஏறிப் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்பக்கம் என்னை ஏறி இருக்கச் சொன்னார். எனக்குக் கூச்சம். நம் வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவள் என்று பேர், ஆனால் வகுப்புப் பிள்ளைகள் தவிர நாலு பேர் பார்த்தால் இன்றும் எனக்குக் கால் பின்னும். ஏறி இருந்தேன். “முட்டு வலிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போ இது போதும் என்று அங்கே மானேஜராக இருக்கிற ஹரிகுமாரிடம் சொன்னார். வேறு எதையும் கேட்கவில்லை. வண்டி வர மூன்று நாலு மாதம் ஆகும் என்றார்கள். நீ லீவில் வரும்போது முற்றத்தில் நிற்கிறதைப் பார்க்க வேண்டும், அதுவரை சிஜியிடம் மூச்சுவிடாதே என்றார். நான் மூச்சுவிடவில்லை.

ஆகஸ்டில் ஷோரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அருமைநாயகம் சார் இருக்கிறாரா என்று கேட்டாள், இல்லை என்றேன். சார் வந்தால் வண்டி ரெடி என்று சொல்லுங்கள் என்றாள், சரி என்றேன். அவர் இறந்துபோனார் என்று சொல்லியிருக்கலாம், அந்த வார்த்தைகளைத் தூக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை பத்மஜாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பத்மஜா யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், என் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எடுக்கிறவள், நம் மேல்வீட்டுக்காரி. அவள் எதிரே மருந்துக்கடைக்குப் போனாள், நான் உள்ளே போனேன். சார் வரவில்லையா என்று ஹரிகுமார் கேட்டார். வரவில்லை என்றேன். அவர் டியூட்டியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போல. “சாரமில்ல, டீச்சர் வந்நல்லோ” என்று, நான் வந்ததே போதும் என்கிற மாதிரி சிரித்தார். அதற்குள் வண்டியை ரிப்பன் கட்டி நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் பக்கத்தில் கேக், கேக்கின்மேல் அப்பா பேரும் என் பேரும். என் கை நீளத்துக்கு ஒரு அட்டைச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். வெட்டுங்கள் என்றார்கள், வெட்டினேன். போனைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண், டீச்சரே பல்லு காணட்டே என்றாள். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி காட்டினேன். பத்மஜா மருந்துப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நீ பார்த்த சிரிப்பு அதுதான் மகளே. உன் கல்யாணத்தில் எனக்கு உள்ளே அவ்வளவு சந்தோஷம், அதை நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். ஷோரூமில் என்னை யார் பார்த்தாலும் எனக்கு ஒன்றுதான். வெட்கம்கூட வரவில்லை. உனக்கு அது வேறு மாதிரித் தெரிந்ததில் தப்பில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

வண்டியை அங்கே விட்டுவிட்டு வரவும் எனக்குத் தோன்றவில்லை, எடுத்து வரவும் தோன்றவில்லை. பத்மஜா அண்ணனின் பெரிய வண்டியை ஓட்டிப் பழகியவள், ஏறு டீச்சரே என்றாள். ஏறினேன். மெதுவாகத்தான் வந்தாள். பாலராமபுரம் தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி அமரவிளைப் பாலம் வந்தபோது முட்டு வலிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அவள் வண்டியை ஓரம் கட்டி, “எந்தா டீச்சரே பறஞ்ஞது?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கீழே ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வந்தோம்.

சித்தப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அப்போதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஹரிகுமார் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அவள் முற்றத்திலேயே நின்று அழுதாள், நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். படத்தை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். என் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பிறகு சித்தப்பா என்னிடம் வந்தார். “மைனி, ஆம்பள இல்லாத வீட்டுல பைக்கு என்னத்துக்கு, எலி கூடு கெட்டவா?” என்று கேட்டார், அவர் பேச்சு உனக்குத் தெரியுமே, மனசில் ஒன்றும் கிடையாது. அடுத்த வாரமே களியக்காவிளையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் டயரை உதைத்துப் பார்த்தான், ஆக்சிலேட்டரைத் திருகினான். நான் சாயா போட்டு எடுத்து வந்தேன், கொடுப்பதாகத்தான் இருந்தேன். அவன் பின்சீட்டைத் தட்டி, இதை வெட்டி ஒத்த சீட்டாக்கினால் வண்டி பார்க்க எடுப்பாக இருக்கும் என்றான். “நான் குடுக்கல” என்றேன். சித்தப்பா காதில் விழாத மாதிரி விலையைப் பேசிக்கொண்டிருந்தார். “ஞானம், வண்டி என் பேருல இருக்கு. நான் குடுக்கல” என்றேன். இரண்டு பேரும் சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா போனபிறகு நான் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. கை நடுங்கியது. அந்த நடுக்கம் என்னுடையது என்று தெரிந்தது.

இப்போது லேனர்ஸ் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். பத்மஜா சர்ச் மைதானத்தில் சொல்லித் தருகிறாள். ஒருதரம் சாய்ந்தது, எனக்கு ஒன்றும் இல்லை, வண்டிக்குக் கண்ணாடி போயிற்று. ஹெட்லைட்டை முதலில் அவருக்காகத்தான் துடைத்தேன். இப்போது துடைப்பது வண்டிக்காகவே என்று உன்னிடம் சொல்லலாம். கிளம்பும்போது அடியில் நிதானமாக ஒரு சத்தம் வருகிறது, முதுகு நிமிர்ந்து இருக்கிறது, இரண்டு காலும் தரையில் எட்டுகிறது. ஸ்கூட்டர்கூட ஓட்டாத எனக்கு இந்த வயதில் ஒரு வண்டியைப் பிடித்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை. அழுகை இன்னும் வரவில்லை, வருகிறபோது வரட்டும். உன்னோடு வந்துவிடுகிறேன் என்று சொன்ன சரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஏப்ரலில் லீவுக்கு வந்து மீனுவோடு இருந்துவிட்டுத் திரும்புவேன். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லவா, இருக்கட்டுமா என்பதை நீ சொல். எது சொன்னாலும் எனக்குச் சம்மதம், இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. ஷிபினைக் கேட்டதாகச் சொல். மீனுவின் புதுப்பல் நேராக முளைக்கட்டும், கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் இருப்பேன், போன் பத்மஜாவின் பையில் கிடக்கும். அப்போது நீ கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் பயப்படாதே, வண்டியில் இருக்கிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் கழித்து மறுபடி கூப்பிடு.

உன் அம்மா,
தாசம்மாள்.