டேப்பின் மடித்த நுனி

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் போன மாதம் புகைந்து அடங்கிவிட்டது. ஸ்பீக்கர் பெட்டி ஊமையாக நின்றது. பெட்டிக்குள்ளேயே சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினால் செல்போனிலிருந்தே பாட்டுக் கேட்கலாம் என்றாள் நம் மகள். நீங்கள் கையால் செய்த பெட்டி. அதில் நாங்களே துளை போட மனமில்லாமல்தான் விழுப்புரம் கடைக்கு எடுத்துப்போனேன்.

மெக்கானிக் பாஷா பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, ட்வீட்டர் வயரை யாரோ கட் பண்ணி வச்சிக்கிறாங்க?" மேல்ஸ்தாயி ஒலியெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான் வருமாம்.

"எலி கடிச்சிருக்கும்," என்றேன்.

"எலி கடிச்சா டேப்பு சுத்துமாங்க?"

குனிந்து பார்த்தேன். வெட்டிய முனைகளில் கறுப்பு டேப். அதன் நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது, பிறகு உரிக்க வசதியாக. நம் வீட்டில் அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான்.

நினைவிருக்கிறதா? திண்டிவனத்து மாதா கோயில் பாடகர் குழுவின் பயிற்சியைப் பதிவு செய்து வந்து, இந்தப் பெட்டியில் கேட்டுத்தான் பிழை பிடிப்பேன். ஒருநாள், பெண்களின் உச்சக் குரல் மங்கிக் கேட்கிறது என்றேன். செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமலே சொன்னீர்கள்: "பொட்டில ஒண்ணுமில்ல பிலோ. ஒனக்கு வயசாவுது. கீச்சுக் கொரலுதான் மொதல்ல காதுக்கு எட்டாம பூடும்."

நம்பினேன். கோயிலில் நேரில் தெளிவாகக் கேட்டபோதும் என் காதையே சந்தேகித்தேன். பிறர் கண்டுபிடிக்கும் முன் நானே விலகினேன். பங்குத்தந்தை கேட்டதற்கு முழங்கால் வலி என்றேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு மீன் குழம்பு சுடச்சுடக் கிடைத்தது.

அதற்காகத்தானா? "ஞாயித்துக்கெழமையாவது வூட்ல இருக்க மாட்டியா?" என்று முனகுவீர்களே. 'போகாதே' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்குப் பயந்தா என் காதைப் பறித்தீர்கள்? இல்லை, அந்தக் கீச்சொலி உங்களுக்குத்தான் பொறுக்கவில்லையா? அப்படியென்றால், நான் பயந்தபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பாஷா வயரைச் சேர்த்து, ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினார். ஸ்டெல்லா செல்போனில் ஏற்றித் தந்த என் பழைய பயிற்சிப் பதிவைப் போட்டேன். உச்சக் குரல்கள் பளிச்சென்று வந்தன. நடுவில் ஒரு பெண் சுருதி இறங்கினாள். "தப்பு!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

பாஷா சிரித்தார். "காது கத்தி மாரி கீதே டீச்சரம்மா!"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடையில் நின்று அழுகிறவள் இல்லை நான்.

உங்கள் நினைவுத் திருப்பலிக்கு இவ்வருடம் திண்டிவனத்தில் சொல்லியிருக்கிறேன். குழுவை நான்தான் நடத்தப்போகிறேன். உச்சக் குரலில் ஒரு சுருதிகூடப் பிசகவிட மாட்டேன், இது சத்தியம். மன்னிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சமையல் இல்லை.

இப்போதும் உங்கள் மனைவி,
பிலோமினா