ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

க்வோர்ன்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள கெரின்,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். கராத்தாவில், சுரங்க லாரிகளுக்கு நடுவே நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் நான் தடுமாறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். காருக்குப் பின்னால் மாட்டிப் போகும் நம் சின்னப் படுக்கை ட்ரெய்லரின் ஸ்டெப்னியை எங்கே வைப்பது என்று கேட்கவேண்டும். சிரிக்காதே.

போர்ட் அகஸ்டா முதியோர் இல்லத்தில் உன் அம்மாவுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அங்கே போகும் முன் அர்காரூலா மலைப்பகுதிக்கு ஒருமுறை அழைத்துப் போக நினைத்தேன். வழியில் காப்லி ஊரைத் தாண்டினால் ஜல்லிச் சாலை. ஸ்டெப்னி இல்லாமல் முடியாது.

இத்தனை ஆண்டுகளாக அது ட்ரெய்லருக்கு அடியில்தான் இருந்தது. பஞ்சரானால் உன் அம்மாதான் மல்லாந்து உள்ளே போய்க் கழற்றுவாள்; நான் நட்டுகளை வாங்கித் தொப்பியில் போட்டுக்கொள்வேன். போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு கிளெம்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். "என்ன சார், உள்ள படுத்துப் பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா?" என்றான்.

டயரை ட்ரெய்லரின் முன்பக்கத் தண்டில் கட்டி, காரில் மாட்டும் நுனியைக் குளியலறை எடைமெஷினில் வைத்து நிறுத்தேன். தொண்ணூற்றொரு கிலோ. நம் காரின் கொக்கி எழுபத்தைந்துதான் தாங்கும். மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன், எண் மாறவில்லை.

ஆகவே பின்பக்கம் மாட்டினேன். எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனாலும் மாட்டினேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஹாக்கர் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, எதிரே பெரிய லாரி ஒன்று கடந்ததும் ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் அலைய ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்கப் போனேன். பல வாரங்களாக ஒரு முழு வாக்கியம் பேசாதவள் சட்டென்று அதட்டினாள்: "பிரேக்கத் தொடாதீங்க! ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை மெதுவா எடுங்க." அவள் சொன்னபடி செய்தேன். அலைவது நின்றது. ஓரமாக நிறுத்தினேன்.

"பின்னாடி பாரம் ஏத்துன முட்டாள் யாரு?" என்று கேட்டாள்.

நான்தான் என்று சொல்லத் துணிவில்லை. யாரோ ஒரு வாத்தியார் என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் வாத்தியார்தான். தங்கமான மனுஷன். ஆனா கையில ஸ்பேனர மட்டும் குடுத்துடக் கூடாது." பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்க நல்லா ஓட்டுறீங்க, தம்பி. என்னை வீட்ல விட்டுடுங்க, அவர் தேடுவாரு" என்றாள். சரி என்றேன். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

இனி மிஞ்சியிருப்பது ஒரே இடம். ட்ரெய்லருக்கு உள்ளே, சக்கர அச்சுக்கு நேர் மேலே. எடை சரியாக நிற்கும், குனியாமல் எடுக்கலாம். ஆனால் அங்கேதான் அம்மாவின் படுக்கை இருக்கிறது. கிளெம், "தனியாத்தானே சார் இனிமே போகப் போறீங்க? மெத்தையத் தூக்கிட்டு அங்க போடுங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நேற்று மெத்தையை எடுத்துவிட்டு டயரை வைத்தும் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. கால்மணி நேரம் நின்றுவிட்டு, அதை இறக்கிவைத்து, மெத்தையைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

நான் செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளை இல்லத்தில் சேர்ப்பதுதான் நல்லது என்று நீ சொன்னாய். இருக்கலாம். இந்தக் குடும்பத்தில் வண்டிக்கு அடியில் போய் ஸ்டெப்னியைக் கழற்ற அவளிடம் கற்றுக்கொண்டவள் நீ ஒருத்திதான். நீ வந்தால் அது பழைய இடத்திலேயே இருக்கலாம், அவளும் தன் படுக்கையில் படுத்துக்கொள்வாள். நான்கு நாள் போதும்.

உன்னை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அதை மறைத்து உன்னைக் கூப்பிட மாட்டேன். அதற்குப் பயந்துதான் மூன்று வருடமாக நீ வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும், கெரின். எனக்கு அதில் கோபம் இல்லை. அவள் உன் பெயரைக் கேட்டால் சொல்லு. மறுபடி கேட்டால் மறுபடி சொல்லு. நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் நாள்தான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு வார்த்தை எழுது.

உன் அப்பா,
ஆல்வின் டிரெகோனிங்