வலக்கன்னம் மட்டும் மீதி

ஆடி இரண்டாம் ஞாயிறு, காலை ஆறே கால் மணி. வெட்டு மூன்று. மூன்றும் வலக்கன்னத்தில். வெளியே சாரல் அடிக்கிறது, வாஷ்பேசினில் உன் சவரக்கத்தி நுரையோடு கிடக்கிறது, நான் கன்னத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறேன். இடக்கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. நீ பார்த்திருந்தால் கட்டிலில் உருண்டு சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். நான் நிறுத்தப் போவதில்லை.

போன மாசி மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு வந்திருந்தாய். தலையில் முடி இல்லை, தாடி இல்லை, புருவமே பாதிதான். அப்படிப்பட்ட ஆள் ஆன்லைனில் ஆர்டர் போட்டது ஒரு மடக்குச் சவரக்கத்தி, தீட்டுவதற்குத் தோல் பட்டை, ஒரு படிகாரக் கட்டி. பார்சலைப் பிரித்ததும் உன் அம்மா கேட்டார்கள்.

"ஏல, மழிக்கதுக்கு என்னல இருக்கு ஒங்கிட்ட?"

"வளரும்லாம்மா. வளந்தப்பொறம் ஆர்டர் போட்டா லேட்டாயிரும்."

அவ்வளவுதான் நீ. ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு, கீறினால் ரத்தம் நிற்காது, முகத்தில் பிளேடு படவே கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதைச் சொன்னால் கையை ஆட்டி விரட்டுவாய். "ஏறட்டும்ல. ஏறுனதும் ஐந்தருவியில நல்லா ஊறிட்டு, மேல டீக்கடையில சுடுதண்ணி வாங்கி, மொத ஷேவ் அங்கனதான்." அருவித் தண்ணீர் பச்சைத் தண்ணீர், தாடி மயிர் மிருதுவாக வெந்நீர்தான் வேண்டும், எனவே அருவியில் ஊறுவதால் ஒரு பயனும் இல்லை என்று விளக்கினேன். "நீ குளிக்கவே போறதில்ல போலிருக்கே, மூதி" என்றாய்.

கூரேற்றி அனுப்புவதாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்த கத்தி வெண்டைக்காய் நறுக்கக்கூட லாயக்கில்லை. நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நைசான கல் ஒன்று எடுத்து வந்தேன். லேத்துக்கு டூல் தீட்டிப் பழகிய கை என் கை. கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்து, விளிம்பை மட்டும் உரசினேன். கோணமானி வைத்து அளந்தேன் வேறு. நீ படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"முதுகத் தூக்காதல."

"தூக்காம எப்படிக் கோணம் கிடைக்கும்?"

"முதுகும் வாயும் சேந்து கல்லுல படுக்கணும். அதுக்குள்ள கோணத்த அதுலயே வச்சித்தான் அடிச்சிருக்கான். நீ என்ன புதுசா டிசைன் பண்ணுத?"

இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக், ஒரே மெக்கானிக்கல். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தவன் நீ. அரை மணி நேரம் சண்டை போட்டேன். நீ கல்லை வாங்கி மடியில் வைத்து, கத்தியைத் தட்டையாகப் படுக்க வைத்து, அவசரமே இல்லாமல் இழுத்தாய். பிறகு என் முன்கையில் ஓட்டினாய். நாலு மயிர் சத்தமில்லாமல் விழுந்தது. நான் கோணமானியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அடுத்து பலூன். ஊதிய பலூனில் நுரை தடவி, உடையாமல் வழித்தெடுத்தால் கை பழகும் என்றாய். முதல் பலூன் வெடித்த வெடியில் உன் அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்கள். ஒரு பாக்கெட் பலூன் தீர்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"பலூனுக்குத் தாடி இல்ல. நீ வந்து உக்காரு."

"டாக்டர் கத்தியத் தொடக் கூடாதுன்னாரு."

"என் மூஞ்சிக்குத்தானல தடை? ஒன் மூஞ்சிக்கு யாரு தடை போட்டா?"

உட்கார்ந்தேன். பயந்தேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆனால் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடி அப்படி. இடக்கைக் கட்டைவிரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, மயிர் போகும் திசையிலேயே, குட்டிக் குட்டியாக இறக்கினாய். இடக்கன்னம் முடிந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டாய்.

"மிச்சம் அடுத்த ஞாயித்துக்கிழம. அதுவரைக்கும் வேற எவன் கையும் படப்பிடாது."

பாதித் தாடியோடு வேலைக்குப் போனேன். என்னப்பா இது என்று சூப்பர்வைசர் கேட்டார். வேலை பாதியில் நிற்கிறது என்றேன். அந்த வெள்ளிக்கிழமை நீ போய்விட்டாய். பாதித் தாடியோடுதான் உன்னைத் தூக்கினேன். "சலூனுக்குப் போயிட்டு வந்திருக்கலாம்லா தம்பி" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் அம்மா கத்தியை ஒரு பழந்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். "செத்தவன் கத்தி ஆருக்கும் ஆவாது. சிற்றாத்துல போட்டுட்டு வா."

"போட மாட்டேம்மா" என்றேன்.

இந்தக் கத்தி வந்த நேரம்தான் சரியில்லை என்று சொந்தக்காரர்கள் உன் அம்மா காதில் ஓதியிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. உன்னைக் கொண்டுபோனது ரத்தத்தில் இருந்த வியாதி. இந்தக் கத்தி உன் தோலில் ஒரு தடவைகூடப் படவில்லை. வளரும் என்று நீ நம்பியதற்கு இருக்கும் ஒரே சாட்சி இதுதான், அதையா ஆற்றில் போடுவது? இப்படியே, குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவர்கள் உள்ளே போனார்கள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தெருவில் என் பைக் சத்தம் கேட்டாலே காப்பி போட அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள், கதவைச் சாத்தினார்கள். உன்னோடு அவர்களும் போய்விட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கத்தியைக் கொடுக்கவில்லை.

தாடி வளர்ந்து இரண்டு பக்கமும் மூடியது. நேற்று கத்தியை எடுத்துத் தீட்டினேன், இன்று விடிந்ததும் உட்கார்ந்தேன். இடக்கன்னத்தில் நீ போன வழியிலேயே போனேன். வலக்கைக்காரனுக்கு வலக்கன்னம்தான் சுலபம். ஆனால் அந்தப் பக்கத்துக்கு நீ டிராயிங் போட்டுத் தரவில்லை. கத்தி பாதியில் மயிரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது, நான் அழுத்தினேன், வெட்டியது. கழுவி வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பில் தனியாக ஒரு பட்டை மின்னுகிறது. நேற்று கல்லில் முதுகைத் தூக்கியிருக்கிறேன். லேத் புத்தி.

ரத்தம் நிற்பதற்குள் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன். ஒளித்து வைத்துப் பழக்கமில்லை எனக்கு. கதவைத் தட்டினேன். உன் அம்மா திறந்தார்கள். மூஞ்சியைப் பார்த்தார்கள், சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

"அந்தக் கத்தியா?"

"ஆமா. போடல. போடவும் மாட்டேன்."

உள்ளே போனார்கள். கதவு திறந்தே கிடந்தது. திரும்பி வந்தபோது கையில் நீ வாங்கிய படிகாரக் கட்டி இருந்தது. காகிதம்கூடக் கிழியாமல் வைத்திருக்கிறார்கள். பிரித்து, தண்ணீரில் நனைத்து, என் கன்னத்தில் வைத்து அழுத்தினார்கள். எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சலில்தான்.

"அவன் செஞ்ச பக்கத்துல ஒரு கீறல் விழலியேல" என்றார்கள். "ஒனக்குக் கூறே கெடையாது."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்கள். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், உன் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இனிச் செய்யப்போவது இவ்வளவுதான்:

1. கத்தியை மறுபடி கல்லில் போடுவேன். முதுகைத் தூக்க மாட்டேன்.

2. வலக்கன்னத்தில் தாடி வளர்ந்ததும் ஐந்தருவிக்குப் போவேன். பயனில்லை என்று தெரிந்தே ஊறுவேன். மேலே டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி, அங்கேயே வழிப்பேன்.

3. வெட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும், அந்தக் கன்னத்தை உன் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டுவேன்.

4. கத்தி ஆற்றுக்குப் போகாது.