திருப்பி எழுதாத இருபது எழுத்துகள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, துறையின் பழைய டீப் ஃபிரீசரில் உறைந்து கிடக்கும் ஐஸை அகற்றுவது என்று துறைத் தலைவர் என்ற முறையில் நான் முடிவெடுத்தேன். எளிதில் எடுத்த முடிவல்ல. இரண்டு கூட்டங்கள் நடந்தன. தீர்மானம் நிறைவேறியது. ஆய்வக உதவியாளர் மட்டும் எதிர்ப்புத் தெரிவித்தார், சுரண்டப் போவது அவர் என்பதால். அடித்தட்டு ஐஸுக்குள்ளிருந்து சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்தது. மூடியில் உன் உருண்டைக் கையெழுத்து: ‘ஆர் 1’. மீதியை அவரிடம் விட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாம் முதுகலையில் சேர்ந்தபோது உயிர்த்தகவலியல் புதுப் படிப்பு. கம்ப்யூட்டரா, டாக்டரா என்று ஊரில் கேட்பார்கள். இரண்டுமில்லை என்றால் நமக்காக வருத்தப்படுவார்கள். இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டியாக இருந்த சார் நம் இருவரையும் சேர்த்துப் போட்டார். உங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை; அதன் இலையில் துருநோய் வரும். அந்தப் பூஞ்சையின் மரபணு ஒன்றைப் பிரதியெடுத்துப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை எனக்கு, ஆய்வக வேலை உனக்கு. “நீ யோசிடி, நான் கலக்கறேன்” என்றாய்.

எங்கிருந்து எதுவரை பிரதியெடுப்பது என்று காட்ட இரண்டு பிரைமர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் இருபது எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு. வரிசையை எழுதிக் கொடுத்தால் கம்பெனியில் செய்து அனுப்புவார்கள். முன்பக்கத் துண்டை உள்ளபடியே எழுதலாம். ‘ரிவர்ஸ்’, சுருக்கமாக ‘ஆர்’, என்னும் பின்பக்கத் துண்டுக்கு இரண்டு வேலை உண்டு. ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று எழுத்துகளை ஜோடி மாற்ற வேண்டும். பிறகு வரிசையைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுத வேண்டும். நான் மாற்றினேன். திருப்பவில்லை.

நான்கு மாதம் நீ கலந்தாய். ஒவ்வொரு முறையும் கலந்ததை ஜெல்லில் ஓட்டி, அதை விளக்கின் மேல் வைத்துப் பார்ப்போம். பிரதி வந்திருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாது.

“தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சாடி? என்சைம் கம்மியா போட்டுட்டேனா?”

“உன் கை நடுங்குது. காலைல சாப்ட்டியா இல்லியா?” என்றேன் நான்.

“சாப்ட்டுத்தான்டி வந்தேன். வேணும்னா நாளைக்கு சாப்டாம வந்து பாக்கறேன்.”

மறுநாள் நிஜமாகவே சாப்பிடாமல் வந்தாய். அன்றும் கோடு வரவில்லை.

கடைசியில் சார் தீர்ப்புச் சொன்னார். “உனக்குக் கைராசி இல்லம்மா. சில பேருக்கு வராது. மனசுல வெச்சுக்காத.” அறிவியல் துறையொன்று ஒரு சோதனை தோற்றதற்குச் சொன்ன காரணம் அது. மறுப்பு எதுவும் வராததால் ஏற்கப்பட்டது.

மறுப்பு ஒரு வாரத்தில் என் கைக்கு வந்தது. முதலாண்டுப் பெண்களுக்கு பிரைமர் எழுதக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். உதாரணத்துக்கு என் ப்ராஜெக்ட் ஃபைலையே திறந்தேன். ‘இப்போ திருப்பி எழுதணும்’ என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தபோது, திரையில் வரிசை திருப்பாமல் இருந்தது. வேறு உதாரணம் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன். பெண்கள் கவனிக்கவில்லை. அன்று மதியம் உன் டப்பாவிலிருந்த வேகவைத்த மல்லாட்டையில் பாதியைத் தின்றபடி, அதைத் தவிர எல்லாவற்றையும் உன்னிடம் பேசினேன்.

சாரிடம், “பழைய பிரைமர் கெட்டுப்போயிருக்கும் சார், புதுசா வாங்கலாம்” என்றேன். கெட்டுப்போனது என்பது நல்ல சொல். அதில் எழுவாய் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

இந்தத் தடவை திருப்பி எழுதி அனுப்பினேன். புது பிரைமர் குழாய் கார்த்திகை தீபத்தன்று வந்தது. தீபம் பார்க்க வரும் கூட்டத்துக்காக பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் உன்னால் வர முடியவில்லை. நான் உள்ளூர்; கூட்டத்தில் நடந்தே கல்லூரிக்குப் போனேன். காத்திருந்தால் நீ கலந்திருப்பாய், கோடு உன் கையில் வந்திருக்கும். முனைவர் படிப்புக்கு சாரின் சிபாரிசுக் கடிதம் ஒருவருக்குத்தான் என்பது நம் இருவருக்கும் தெரியும். நானே கலந்தேன். கோடு வந்தது.

“பாத்தியா, இதான் கைராசி” என்றார் சார்.

நீ வந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். “தங்கக் கைடி உனக்கு! என்னால உனக்கு நாலு மாசம் வீணாப் போச்சு. மன்னிச்சுக்கோடி.”

நான் மன்னித்தேன்.

முனைவர் படிப்புக்கு நீ விண்ணப்பிக்கவே இல்லை. கல்யாணமாகி, வேங்கிக்காலில் அரசு ஆபீசுகளுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் அடித்துக்கொடுத்தாய். ஒரு எழுத்துக்கூடப் பிசகாது என்று உன்னிடம்தான் வரிசை நிற்கும். நான் வந்தால் மட்டும் மவுஸை என் பக்கம் தள்ளுவாய். “பட்டன நீ அமுக்குடி. நான் தொட்டா சர்வர் படுத்துக்கும்.” வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சொல்வதற்குத் தக்க சமயம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினேழு வருடம் பார்த்தேன். போன மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இப்போதும் முதலாண்டு வகுப்பில் ‘மாத்து, திருப்பு’ என்று மூன்று தடவை சொல்லவைக்கிறேன். எனக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. மேடம் ரொம்பக் கவனமானவங்க என்று மாணவர்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதைப் படிக்கிறேன்.

உன் கணவரும் மகளும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு மே மாதம் துறைக்கு வந்தார்கள். அறிவியலில் அவள் மார்க் உன்னுடையதைவிட நன்றாக இருந்தது.

“பயாலஜி குரூப் எடுக்கணும்னு ஆசை ஆன்ட்டி. ஆனா பிராக்டிகல்லாம் ஜாஸ்தி இருக்கும்ல? எங்கம்மா அவங்களுக்குக் கைராசி இல்லன்னு சொல்லிட்டே இருப்பாங்க.” தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “எனக்கும் அப்டித்தான் இருக்குமா?”

“அதெல்லாம் பரம்பரையா வர்றதுதானுங்களே மேடம்?” என்றார் உன் கணவர். “நீங்கதான அந்தப் பாடமே நடத்தறீங்க. நீங்க சொன்னா சரி.”

சாதிச் சான்றிதழில் நீ பிசகாமல் அடித்த எழுத்துகளைச் சொல்லியிருக்கலாம். என் இருபது எழுத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கதவுக்கு வெளியே என் பெயர்ப்பலகை இருந்தது. உள்ளே என் மாணவிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொன்னு வரும்” என்றேன். “வீட்ல நல்லா யோசிச்சு முடிவெடுங்க.”

நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூனில் உன் மகள் காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாள்.